எச்.ஐ.வி.யோடு கருத்தரிப்பும் பிரசவமும்: தமிழக அரசு மருத்துவமனைகளில் எந்தக் கதவை எப்போது தட்டுவது

எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண் தொற்றில்லாத குழந்தையைப் பெற முடியுமா என்ற கேள்விக்கு மருத்துவம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. எந்தச் சிகிச்சையும் எடுக்காவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை. மருந்தை ஒழுங்காக எடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். கருத்தரிக்கும் முன்பிருந்தே வைரஸ் கட்டுக்குள் இருந்தால் இன்னும் மிகக் குறைவு. அரசு மையங்களில் மருந்தும் இலவசம், பரிசோதனையும் இலவசம்.

பிறகு எதற்கு இத்தனை அலைச்சல்? எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் ஒரு கட்டடத்தில் இருக்கிறது. மகப்பேறுப் பிரிவு வேறொரு கட்டடத்தில். ஒரு பதிவேட்டில் எழுதியது மற்றொன்றில் இருக்காது. ஏ.ஆர்.டி. மருத்துவருக்கு உங்கள் கர்ப்பம் எத்தனையாவது வாரம் என்று தெரியாது. பிரசவ வார்டு மருத்துவருக்கு உங்கள் வைரல் லோட், அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, தெரியாது. இரண்டையும் இணைக்கும் ஒரே ஆள் நீங்கள்தான், கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்போடு. இதை முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. மருந்தின் பெயரும் அளவும் ஒவ்வொருவருக்கும் மாறலாம். அந்த முடிவு உங்கள் ஏ.ஆர்.டி. மருத்துவருடையது. வரிசை, காகிதங்கள், நேரம் ஆகியவற்றை மட்டும் நான் சொல்கிறேன்.

1. கர்ப்பத்துக்கு முன்பே வைரல் லோட் முடிவைக் கையில் வாங்குங்கள்

குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே ஏ.ஆர்.டி. மைய ஆலோசகரிடம் அதை வாய் திறந்து சொல்லுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். சில ஆலோசகர்கள் முகம் சுளிப்பார்கள், "உங்களுக்கு எதற்கம்மா" என்றும் கேட்பார்கள். கேட்கட்டும். நீங்கள் அங்கே அனுமதி கேட்டு நிற்கவில்லை.

பார்க்க வேண்டியது வைரல் லோட். மருந்து தொடங்கி ஆறு மாதத்திலும் பன்னிரண்டு மாதத்திலும், அதன் பிறகு ஆண்டுக்கொரு முறையும் அரசு மையத்தில் இலவசமாக எடுக்கிறார்கள். முடிவு வந்துவிட்டது என்று வாய்மொழியாகச் சொன்னால் போதாது. தேதியோடு எழுதி வாங்குங்கள். வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அது நிலையாகவும் இருந்தால், உடலுறவு வழியாகக் கணவருக்குத் தொற்று போகாது. கணவருக்குத் தொற்று இல்லாத குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி. லட்சக்கணக்கில் செலவழித்துக் கருத்தரிப்பு மையத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் இந்த முடிவோடு ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் பேசுங்கள். கருத்தரிப்பதில் வேறு சிக்கல் இல்லாதவர்களுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் வீண்.

ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்குவது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும்.

இணையத்தில் தேடினால் ஒரு பழைய பயம் கண்ணில் படும். டோல்யூடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தால் குழந்தையின் முதுகுத்தண்டில் குறை வரலாம் என்று 2018-இல் போட்ஸ்வானா ஆய்வு ஒன்றின் இடைக்காலத் தகவல் எச்சரித்தது. அதே ஆய்வு தொடர்ந்து நடந்து, கூடுதல் பிரசவங்களின் விவரம் சேர்ந்தபோது அந்த அச்சம் நீங்கிவிட்டது. இப்போது கர்ப்பிணிகளுக்கும் அதே மருந்துதான் தருகிறார்கள். பழைய செய்தியைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆபத்து நிறுத்துவதில்தான் இருக்கிறது.

2. கர்ப்பம் உறுதியானதும்: இரண்டு இடங்களில் பதிவு

முதல் பதிவு பிக்மி, அதாவது அரசின் கர்ப்பிணிப் பதிவு. தமிழகத்தில் கர்ப்பிணியைப் பதிவு செய்து தரும் 12 இலக்க எண் இல்லாமல் பின்னால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது கடினம். கிராமச் சுகாதாரச் செவிலியர் பதிவு செய்வார். இணையத்தில் நீங்களே முன்பதிவு செய்யவும் வழி உண்டு. 12 வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

இங்கேதான் முதல் பொறி இருக்கிறது: கைபேசி எண். அழைப்பும் குறுஞ்செய்தியும் அந்த எண்ணுக்குத்தான் வரும். பதிவின்போது அவசரத்தில் மாமியார் எண்ணையோ கொழுந்தனார் எண்ணையோ கொடுத்துவிட்டால், அடுத்த ஓராண்டுக்கு உங்கள் மருத்துவ விஷயம் அவர்கள் கைக்குப் போகும். உங்கள் சொந்த எண்ணையே கொடுங்கள். சொந்தமாகக் கைபேசி இல்லையென்றால் உங்கள் நிலை தெரிந்தவரின் எண்ணைக் கொடுங்கள்.

இரண்டாவது, ஏ.ஆர்.டி. மையம். கர்ப்பம் என்று அங்கே சொல்லி, கடைசி மாதவிடாய்த் தேதியையும் பிரசவத் தேதியையும் அந்த மையம் தந்த உங்கள் சிகிச்சைக் குறிப்பேடான பச்சைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி எழுதப்படாவிட்டால் 32-ஆவது வாரப் பரிசோதனை யாருக்கும் நினைவில் இருக்காது.

கர்ப்பப் பரிசோதனையில்தான் முதன்முறையாகத் தொற்று தெரியவந்தது என்றால் உங்கள் வரிசை வேறு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்திப் பார்ப்பது முதல்கட்டச் சோதனை மட்டுமே. அது பாசிட்டிவ் என்று காட்டினால் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே வெவ்வேறு வகையான மூன்று சோதனைகளைச் செய்த பிறகே உறுதி செய்வார்கள். அதற்கு முன் யாரிடமும் எதையும் சொல்லிவிட வேண்டாம். உறுதியானால், சி.டி.4 எனும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு என்று காத்திருக்காமல் உடனே மருந்து தொடங்க வேண்டும். எத்தனை வாரம் மருந்து எடுத்த பிறகு பிரசவம் நடக்கிறது என்பதுதான் குழந்தையைக் காப்பாற்றும் கணக்கு. ஆகவே "அடுத்த வாரம் வாருங்கள்" என்று யாராவது சொன்னால் "நான் கர்ப்பிணி, இன்றே பார்க்க வேண்டும்" என்று அங்கேயே நில்லுங்கள்.

3. கோப்பில் இருக்க வேண்டியவை

ஒரே பிளாஸ்டிக் உறையில் இவற்றை வையுங்கள்: பச்சைப் புத்தகம், நம்பிக்கை மையம் தந்த பரிசோதனை முடிவு, எல்லா வைரல் லோட் முடிவுகளும், தாய் சேய் நல அட்டை, பிக்மி எண் எழுதிய தாள், ஸ்கேன் அறிக்கைகள், ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம். எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதிகள் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் நகல் கடையில் இந்தக் காகிதங்களைக் கொடுக்கப் பலருக்குத் தயக்கம் இருக்கும். வேறு ஊரில், வேறு கடையில் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். கைபேசியில் படம் எடுத்து வைப்பதும் உதவும், கைபேசிக்குப் பூட்டு போட்டிருந்தால்.

வங்கிப் புத்தகம் எதற்கு என்றால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு. மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 ரூபாய் தவணைகளாகக் கணக்கில் வரும், மீதி 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். 19 வயது நிரம்பிய, வருமானம் குறைந்த குடும்பத்துப் பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு இது உண்டு. எச்.ஐ.வி. இருப்பது இதற்குத் தடையில்லை. அந்தப் படிவத்தில் அதைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். ஆதாரில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் ஓரெழுத்து மாறினாலும் பணம் நின்றுவிடும். திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாற்றியவர்கள் இதை இப்போதே சரிபாருங்கள்.

4. மாத்திரை நேரம்: யாரும் சொல்லாத மோதல்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். இப்போது பெரும்பாலோருக்குத் தரப்படும் ஒரு மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோல்யூடெக்ராவிர் என மூன்று மருந்துகள் இருக்கின்றன. கர்ப்பிணிகள் அனைவருக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தருகிறார்கள். இரும்பும் கால்சியமும் டோல்யூடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுத்துவிடும். வெறும் வயிற்றில் எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கினால் எச்.ஐ.வி. மருந்து பாதி வீணாகிறது, நீங்களோ ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

கால்சியம் தருபவர் மகப்பேறு மருத்துவர், டோல்யூடெக்ராவிர் தருபவர் ஏ.ஆர்.டி. மருத்துவர். இரு தரப்பும் தங்கள் மாத்திரையை மட்டும் பார்ப்பதால் இது இடையில் விழுந்துவிடுகிறது.

விதி இதுதான்: டோல்யூடெக்ராவிர் உள்ள மாத்திரையை, இரும்பு அல்லது கால்சியத்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். முழுச் சாப்பாட்டோடு என்றால் சேர்த்தும் எடுக்கலாம், ஆனால் மசக்கையில் யார் முழுச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள்? நான் கடைப்பிடித்த நேரம்: காலை 6 மணிக்கு எச்.ஐ.வி. மாத்திரை; 9 மணிக்குச் சிற்றுண்டியோடு முதல் கால்சியம்; மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து இரும்பு; இரவுச் சாப்பாட்டோடு இரண்டாவது கால்சியம். இரும்பையும் கால்சியத்தையும்கூட ஒன்றாக எடுக்கக் கூடாது என்பதால் இந்த வரிசை இரண்டுக்கும் ஒத்துவரும். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு மருந்தாளுநரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் சிரப்புக்கும் அதே 2 மணி, 6 மணி விதி; சாப்பாட்டோடு எடுக்கும் சலுகை அதற்குக் கிடையாது. கர்ப்பகாலச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எழுதினால் டோல்யூடெக்ராவிர் எடுப்பதைச் சொல்லுங்கள். இந்த மருந்து உடலில் மெட்ஃபார்மின் அளவைக் கூட்டிவிடும் என்பதால் அளவைக் குறைத்துத் தர வேண்டியிருக்கலாம். வாந்தியில் மாத்திரை வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

5. 32 முதல் 36 வாரத்துக்குள் ஒரு வைரல் லோட்

இதைத் தவறவிடக் கூடாது. மூன்று மாதத்துக்கு முன்புதான் எடுத்தோம் என்று சொன்னாலும், இந்த வாரங்களில் ஒரு முறை எடுக்க வேண்டும். குழந்தைக்கு எந்த மருந்து, எத்தனை வாரம் என்பதை இந்த எண்தான் முடிவு செய்கிறது. ஒரு மில்லி ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை 1,000-க்குக் கீழே இருந்தால் குழந்தை குறைந்த ஆபத்து வகை. அதற்கு மேல் இருந்தால், அல்லது 32 வாரத்துக்குப் பின் பரிசோதனையே எடுக்கவில்லை என்றால், அதிக ஆபத்து வகையாகக் கருதுவார்கள். அதாவது உங்கள் வைரஸ் நன்றாகவே கட்டுப்பட்டிருந்தாலும், காகிதம் இல்லாத குற்றத்துக்காகக் குழந்தை இரண்டு மருந்து குடிக்க நேரும்.

மாதிரி வேறு ஊர் ஆய்வகத்துக்குப் போய்த் திரும்ப நாளாகலாம். 36-ஆவது வாரத்தில் கொடுத்துவிட்டு, முடிவு வருவதற்குள் வலி வந்துவிட்டால் பயனில்லை. ஆகவே 32-ஆவது வாரம் தொடங்கியதுமே போய்க் கொடுங்கள். தனியார் ஆய்வகத்தில் இதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். நேரத்தோடு போனால் அந்தச் செலவு தேவையே இல்லை.

6. எந்த ஊரில் பிரசவம் என்பதை ஏழாம் மாதத்திலேயே முடிவு செய்யுங்கள்

வளைகாப்பு முடிந்ததும் தாய் வீட்டுக்குப் போவது நம் வழக்கம். ஏ.ஆர்.டி. மையம் புகுந்த ஊரில் இருக்கும், பிரசவம் பிறந்த ஊரில் நடக்கும். மருந்து தீர்ந்துபோவது இந்த இடைவெளியில்தான்.

ஊர் மாறும் முன் ஏ.ஆர்.டி. மையத்தில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: போகிற ஊரில் உள்ள மையத்துக்கு ஒரு கடிதம், போதுமான மாதங்களுக்கு மாத்திரை, அங்குள்ள நம்பிக்கை மைய ஆலோசகரின் தொடர்பு. நிலையாக இருப்பவர்களுக்குச் சில மாத மருந்தைச் சேர்த்துத் தரும் வழக்கம் உண்டு. பச்சைப் புத்தகத்தைக் காட்டி வெளியூர் மையத்தில் இடைக்காலமாக மருந்து வாங்கும் ஏற்பாடும் இருக்கிறது, ஆனால் கடிதம் இருந்தால் கேள்விகள் குறையும்.

தனியார் மருத்துவமனை பற்றி ஒரு வார்த்தை. நான் பல மாதம் பரிசோதனைக்குப் போன ஒரு தனியார் இடத்தில், தொற்று பற்றிச் சொன்ன நாளிலேயே "எங்களிடம் வசதி இல்லை" என்றார்கள். வேறு சில இடங்களில் பாதுகாப்புக் கவசத்துக்கு என்று தனிக் கட்டணம் போடுகிறார்கள். கையுறையும் கவசமும் எல்லா நோயாளிக்கும் பயன்படுத்த வேண்டியவை. உங்களுக்கென்று தனி வசதி எதுவும் வேண்டியதில்லை. தனியாரில்தான் பிரசவம் என்றால் கடைசி மாதத்தில் போய் நிற்காதீர்கள். ஐந்தாம் மாதத்துக்குள் நேரடியாகக் கேட்டு, கட்டணத்தை எழுதி வாங்குங்கள். அதற்கு இணையாக அரசு மருத்துவமனையிலும் ஒரு முறை பரிசோதனைக்குப் போய்ப் பதிவை வைத்திருங்கள்.

எச்.ஐ.வி. என்ற ஒரே காரணத்துக்காகச் சிசேரியன் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் தேசிய வழிகாட்டுதல். குழந்தையின் நிலை, இடுப்பு, ரத்த அழுத்தம் போன்ற காரணங்கள் இருந்தால் எல்லோரையும்போல அறுவை. "உங்களுக்கு ஆபரேஷன்தான்" என்றால் காரணத்தைக் கேளுங்கள்.

7. வலி வந்த நாள்

108-ஐ அழைக்கும் முன் கோப்பையும் உங்கள் மாத்திரைப் புட்டியையும் பையில் வையுங்கள். வார்டில் எல்லா மருந்தும் இருக்கும், இது மட்டும் இருக்காது. பிரசவ நாளிலும் மாத்திரை உண்டு. அறுவைக்காக எதுவும் சாப்பிடக் கூடாது என்றால், ஒரு மிடறு தண்ணீரோடு எடுக்கலாமா என்று மயக்க மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள்.

குழந்தைக்கான சிரப்பைப் பிறந்த சில மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவு குழந்தை பிறந்தால் நம்பிக்கை மையம் பூட்டியிருக்கும். எனவே 36-ஆவது வாரத்திலேயே ஆலோசகரிடம், "விடுமுறை நாளில் பிறந்தால் சிரப் யாரிடம் இருக்கும்?" என்று கேட்டு, அந்த வார்டின் பெயரைத் தாய் சேய் நல அட்டைக்குள் வைக்கும் தனித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அட்டையின் மேலேயே எழுதவிடாதீர்கள். அட்டையை ஊரே பார்க்கும்.

குறைந்த ஆபத்து வகைக் குழந்தைக்கு ஒரே சிரப், பொதுவாக நெவிரபின், ஆறு வாரம். அதிக ஆபத்து வகைக்கு நெவிரபினோடு சிடோவுடினும் சேரும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அது பன்னிரண்டு வாரம் வரை நீளும். வீட்டுக்கு அனுப்பும்போது ஊசியில்லாத அளவுக் குழலைக் கேட்டு வாங்குங்கள், எத்தனை மில்லி என்ற கோட்டைச் செவிலியரையே பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது கேட்டால் "சத்து மருந்து" என்பதே போதும்.

8. பால்: இரண்டில் ஒன்று, கலப்படம் கூடாது

தாய் மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதையே நம் நாட்டு வழிகாட்டுதல் முதலில் சொல்கிறது. முழுக்கப் புட்டிப்பால் என்று முடிவெடுப்பதும் உங்கள் உரிமை. ஆனால் சுத்தமான தண்ணீர், எரிபொருள், மாதந்தோறும் பால்மாவுக்கான பணம், "ஏன் பால் கொடுக்கவில்லை?" என்ற கேள்விக்கு ஒரு பதில், இவை நான்கும் இருந்தால்தான் அது நடக்கும்.

இரண்டையும் கலப்பதுதான் மோசம். வெளிப்பொருள் குழந்தையின் குடலில் உண்டாக்கும் புண் வழியாக வைரஸ் நுழைவது எளிதாகிறது. இங்கே எதிரி பால்மா மட்டுமல்ல. பிறந்ததும் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், வசம்பு உரைத்து ஊற்றுவது, வயிற்று வலிக்கு கிரைப் வாட்டர் எல்லாமே கலப்புதான். பாட்டிமார்களோடு மல்லுக்கு நிற்பதைவிட, "ஆறு மாதம் எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்று ஒரு சீட்டைக் காட்டுவது எளிது. எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும் அறிவுரைதான் என்பதால் எந்த மருத்துவரும் தயங்காமல் எழுதித் தருவார். மருத்துவர் தந்த சிரப்பும் தடுப்பூசிச் சொட்டும் மட்டும் விதிவிலக்கு.

மார்க்காம்பில் வெடிப்போ சீழோ வந்தால் அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்திவிட்டு அன்றே காட்டுங்கள்.

9. குழந்தையின் பரிசோதனைத் தேதிகள்

ஆறாவது வாரம், ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம், பதினெட்டாவது மாதம். இவை நான்கும் நம்பிக்கை மையத்தில் இலவசம். முதல் பரிசோதனையில் குதிகாலில் குத்திச் சில சொட்டு ரத்தத்தைத் தனி அட்டையில் காயவைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம். அந்த ஆறாவது வாரத்திலேயே மற்ற தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரிமாக்சசோல் என்ற மருந்தும் தொடங்கும்; தொற்று இல்லை என்று உறுதியாகும்வரை அதை நிறுத்தக் கூடாது.

காத்திருக்கப் பொறுமையில்லாமல் பக்கத்துத் தனியார் ஆய்வகத்தில் சாதாரண எச்.ஐ.வி. சோதனை எடுக்காதீர்கள். தாயின் எதிர்ப்புப் பொருள்கள் குழந்தையின் ரத்தத்தில் பல மாதங்கள், சில நேரம் ஒன்றரை வயது வரைகூட இருக்கும். தொற்றே இல்லாத குழந்தைக்கும் அந்தச் சோதனை பாசிட்டிவ் என்று காட்டும். இந்த ஒரு காகிதத்தால் உடைந்துபோன குடும்பங்களை ஆலோசகர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். அதேபோல ஆறாவது வாரம் நெகட்டிவ் என்றதும் நின்றுவிடாதீர்கள். பால் கொடுக்கும்வரை வாய்ப்பு இருக்கிறது. பதினெட்டாவது மாதச் சோதனையும், அதற்குப் பிறகும் பால் கொடுத்தால் நிறுத்தி மூன்று மாதம் கழித்து ஒரு சோதனையும்தான் கடைசிச் சொல்.

10. அடுத்த குழந்தை இப்போது வேண்டாம் என்றால்

பிரசவ மேசையில் படுத்திருக்கும்போது நீட்டப்படும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அங்கே காப்பர் டி பொருத்தவும் கருத்தடை அறுவைக்கும் ஒப்புதல் கேட்பார்கள். வேண்டும் என்றால் எட்டாம் மாதத்திலேயே முடிவு செய்து சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் அதையும் அப்போதே சொல்லுங்கள். எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிக்கு அவருடைய முழுமையான ஒப்புதல் இல்லாமல் கருத்தடையோ கருக்கலைப்போ செய்யக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் நேரடியாகவே சொல்கிறது.

ஆணுறையோடு இன்னொரு முறையும் சேர்ந்தால் நல்லது. மூன்று மாதத்துக்கொரு முறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை, காப்பர் டி ஆகியவை அரசு மருத்துவமனையில் இலவசம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களும், எஃபவிரென்ஸ் என்ற பழைய எச்.ஐ.வி. மருந்திலேயே இருப்பவர்களும் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். அவசரகால மாத்திரையின் வேகத்தையும் எஃபவிரென்ஸ் குறைத்துவிடும்.

கர்ப்பத்தைத் தொடர விருப்பமில்லை என்றால் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 18 வயது நிரம்பிய பெண்ணின் ஒப்புதல் மட்டுமே சட்டப்படி தேவை. கணவரின் கையெழுத்து கட்டாயம் என்று யாராவது சொன்னால் அது அந்த மருத்துவமனையின் பழக்கமே தவிரச் சட்டம் கிடையாது.

11. மறுத்தால், வெளியே சொன்னால்

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் மேற்சொன்ன சட்டப்படி, எச்.ஐ.வி.யைக் காட்டிச் சிகிச்சையை மறுப்பதும், உங்கள் ஒப்புதல் இல்லாமல் நிலையை வெளியே சொல்வதும் சட்டவிரோதம். படுக்கைக்கு மேல் சிவப்பு எழுத்தில் எழுதி வைப்பதும் வெளியே சொல்வதுதான். உங்கள் நிலையைக் கணவரிடம் சொல்ல மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் சில நிபந்தனைகளோடு அனுமதி உண்டு. ஆனால் அதனால் உங்களுக்கு அடி உதையோ வீட்டைவிட்டு விரட்டப்படும் ஆபத்தோ இருந்தால் சொல்லக் கூடாது. அந்த ஆபத்து இருக்கிறது என்பதை நீங்கள்தான் ஆலோசகரிடம் முன்பே சொல்லி எழுதவைக்க வேண்டும்.

இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் மருத்துவமனை எதுவானாலும் ஒரு புகார் அதிகாரி இருக்க வேண்டும். முதல் கடிதம் அவருக்கு, ஒரு பிரதியில் முத்திரையோடு. அது நடக்காவிட்டால் மாநில அரசு நியமித்த குறைதீர்ப்பாளர். அவர் 30 நாளில் உத்தரவு போட வேண்டும். அவசரச் சிகிச்சை என்றால் முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள். வலியோடு வாசலில் நிற்கும்போது சட்டம் பேச நேரமிருக்காது என்பது எனக்கும் தெரியும். அப்போது 1097 என்ற தேசிய எய்ட்ஸ் உதவி மையத்தின் இலவச எண்ணை அழைக்கச் சொல்லி உடன் வந்தவரிடம் கைபேசியைக் கொடுங்கள். நீங்கள் 108-இல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தேதி, நேரம், பேசியவரின் பதவி ஆகியவற்றை மட்டும் குறித்துவைத்தால் புகாரைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

12. கருப்பை வாய்ப் பரிசோதனை

குழந்தையின் தேதிகளை விடாமல் பார்க்கும் நாம் நம்முடையதை மறந்துவிடுகிறோம். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. பொதுவாக 30 வயதில் தொடங்கும் இந்தப் பரிசோதனையை, நமக்கு 25 வயதிலேயே தொடங்கி 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸுக்கான சோதனை வசதி இல்லாத இடங்களில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பார்கள். அதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்கிறார்கள், சில நிமிட வேலை, முடிவும் அங்கேயே தெரியும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை என்பது எச்.பி.வி. சோதனைக்கான கணக்கு, அமிலம் தடவும் முறைக்கு இன்னும் அடிக்கடி வரச் சொல்வார்கள்.

மாதவிடாய் நாள்களில் போகாதீர்கள். பிரசவம் முடிந்திருந்தால் எப்போது வரலாம் என்று ஆறாவது வாரக் குழந்தைப் பரிசோதனைக்குப் போகும் அன்றே கேட்டுவிடுங்கள். வெள்ளைத் திட்டு தெரிகிறது என்றால் அது புற்றுநோய் என்று பொருளல்ல. மேல் பரிசோதனைக்கு மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், பல நேரம் அங்கேயே அந்த இடத்தைச் சுட்டு அகற்றிவிடுவார்கள். அந்தச் சீட்டையும் கோப்பில் வைத்து, அடுத்த பரிசோதனைத் தேதியைப் பச்சைப் புத்தகத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.